‘குடும்ப வியாதி’ என்று கைவிடுவதா?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தில் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், “அம்மா மார்பிலே கட்டி வந்துதான் போனாங்க; பெரியம்மாவுக்கும் அதேதான்” என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்தால் தங்கையின் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம்! இந்தப் பயத்தை மனதில் பூட்டி வைத்துக்கொண்டுதான் அவர்கள் நாள் முழுவதும் தையல் மிஷினில் குனிந்திருக்கிறார்கள்.

புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவன அல்ல. 100 பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே அது பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறின் விளைவு. ஆனால் அந்தச் சிலருடைய குடும்பங்களில் நோய் இளம் வயதிலேயே தாக்குகிறது. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் விஞ்ஞானிகள் பிரித்தறிந்த பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதுபட்டிருந்தால், அந்தப் பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கருப்பையின் பக்கத்திலுள்ள சினைப்பையிலும் நோய் வரலாம். தாய் வழியில் மட்டுமல்ல, தகப்பன் வழியிலும் இது இறங்கும். “பெண்ணைப் பெற்றவள் தோஷம்” என்று மருமகளைத் தூற்றும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2023 நவம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முதலில் துவக்கிய நான்கு ஜில்லாக்களில் நமது திருப்பத்தூரும் ஒன்று, பக்கத்து ராணிப்பேட்டையும் ஒன்று. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அதில் நர்ஸ் கையால் தடவிப் பார்ப்பது முப்பது வயது கடந்த பெண்களைத்தான். தாயை நாற்பது வயதில் பறிகொடுத்த குடும்பத்துப் பெண்ணுக்கு இது போதுமா? போதாது. பழுதுபட்ட மரபணு உள்ளவளுக்கு 25 வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டும். முப்பதிலிருந்து மார்பக எக்ஸ்ரேயும் சேர வேண்டும். சினைப்பை நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான சோதனை இல்லாததால், பிள்ளை பெற்று முடித்தபின் 35-க்கும் 40-க்கும் இடையில் அதை அகற்றிவிடுவது பற்றி டாக்டரோடு நிதானமாகப் பேச வேண்டும். ஊருக்கு ஊர் நடத்தும் முகாமில் செய்துமுடிக்கிற வேலை அல்ல இது. இதற்கென்று பயின்ற டாக்டரும், குடும்ப மரத்தை எழுதி விளக்கிச் சொல்லும் ஆலோசகரும் வேண்டும்.

அப்படிப்பட்ட வைத்தியம் நம் நாட்டில் இல்லாமலில்லை. தன் தங்கை புற்றுநோயால் மாண்டதைக் கண்ணெதிரே கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு துவக்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே தனிக் கிளினிக் நடக்கிறது. முதலில் நோய் கண்டவரின் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால், அக்கா தங்கை, பிள்ளைகள் ஆகியோருக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. பெற்றவர் ஒருவரிடம் பழுது இருந்தால் பிள்ளைக்கு இறங்குவதும் இறங்காமல் போவதும் பாதிக்குப் பாதி. இறங்காத பெண்ணுக்கு மற்ற பெண்களுக்குள்ள அபாயம்தான். ஆண்டுக்கணக்காக அவள் சுமந்த பயம் அன்றோடு தீர்கிறது. இதன் மதிப்பை எந்தப் பணத்தால் அளப்பது?

ஆனால் பணம்தான் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் மிரியட் என்ற கம்பெனி இந்த இரண்டு மரபணுக்களுக்கும் பேட்டன்ட் வாங்கி, வேறு யாரும் சோதனை செய்யாமல் தடுத்து, ஒரு சோதனைக்கு 3,000 டாலருக்கும் மேல் கறந்துகொண்டிருந்தது. மனிதன் உடம்பில் பிறவியிலேயே இருக்கும் ஒன்று கம்பெனிச் சொத்தாம்! வழக்குப் போட்டு, 2013 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றமே அதைச் செல்லாது என்றது. நம் ஊர்த் தனியார் ஆய்வகங்களிலும் முழுச் சோதனைக்கு ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளியின் மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. அதோடு சென்னைக்கு ரயில் செலவு, இழந்த நாளின் கூலி.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2001-ல் அமெரிக்காவில் ஒரு ரயில்வே கம்பெனி, மணிக்கட்டு வலி என்று முறையிட்ட தொழிலாளிகளின் இரத்தத்தை அவர்கள் அறியாமலே மரபணுச் சோதனைக்கு அனுப்பிப் பிடிபட்டது. வேலையால் வந்த நோயைப் பரம்பரை மேல் சுமத்தும் தந்திரம்! தோல் தொழிலில் இது சின்ன விஷயமல்ல. தோல் தூசி, ஆறாம் நிலைக் குரோமியம், பென்சீன் மூன்றும் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் தீர்மானித்திருக்கிறது. ஆகவே டேனரித் தொழிலாளிக்கு மூக்கிலோ நுரையீரலிலோ புற்றுநோய் வந்தால், “உன் பாட்டனுக்கு இருந்திருக்கும்” என்று நிர்வாகம் கைகழுவ நாம் இடங்கொடுக்கக் கூடாது. சோதனை முடிவு தொழிலாளிக்கும் டாக்டருக்கும் மட்டுமே சொந்தம்.

சர்க்காரை நாம் கேட்பது இதுதான்: பரிசோதனைக்கு வீடு தேடி வரும் ஊழியர், “உங்கள் தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ ஐம்பது வயதுக்குள் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா? சினைப்பையில் யாருக்காவது உண்டா?” என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆமென்றால் அந்தக் குடும்பத்தை அனுப்ப வேலூர் அடுக்கம்பாறை சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாளாவது பரம்பரைப் புற்றுநோய்க் கிளினிக் நடக்க வேண்டும். இரத்தச் சோதனை, எம்.ஆர்.ஐ., ஆபரேஷன் எதற்கும் கைப்பணம் கேட்கக் கூடாது.

100 ரூபாய் கூலிக்கு 75 பைசா தொழிலாளியிடமும் 3 ரூபாய் 25 பைசா முதலாளியிடமும் பெறும் ஈ.எஸ்.ஐ., நோய் வந்து படுத்தபின் மட்டும் கண் திறந்தால் போதாது; பரிசோதனைக்குப் போகும் நாளுக்கும் கூலி தர வேண்டும். ஈ.எஸ்.ஐ. இல்லாத விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் பேரில் இதே உரிமை வேண்டும். பாலாற்றங்கரையில் நாற்று நடுபவளுக்கும் ஷூவின் மேல் தோலைத் தைப்பவளுக்கும் உடம்பு ஒன்றுதான்.

தோல் தொழிலாளர் சங்கக் கிளைகளும், மாதர் அமைப்புகளும், விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றி, திருப்பத்தூர் கலெக்டருக்கும் ஈ.எஸ்.ஐ. அதிகாரிகளுக்கும் அனுப்ப வேண்டும். அந்தக் கூட்டத்தில் குரலைத் தாழ்த்தாமல் பேச ஒரு பெண்ணாவது எழுந்து நின்றால், மற்றவர்கள் அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.