'பார்த்தா தெரியலையே!'

"நீங்க எஸ்.சி.யா? பார்த்தா தெரியலையே!"

மதுரைக்குப் படிக்கவும் வேலைக்கும் வருகிற நம் பிள்ளைகளில் பலர் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். விடுதியில், வாடகைக்கு வீடு பார்க்கிற இடத்தில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, பாராட்டுவதாகவே நினைக்கிறார். ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. தலித் என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட வேண்டும் என்பது ஒன்று. அப்படித் தெரிகிற முகம் அழகான முகம் இல்லை என்பது மற்றொன்று.

அழகு அவரவர் ரசனை, இதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் ரசனை என்றால் அது வீட்டோடு நின்றிருக்கும். இது பள்ளி மேடைக்கு வருகிறது. நேர்முகத் தேர்வுக்கு வருகிறது. தலைமைச் செயலகம் வரைக்கும் போகிறது.

2025 மார்ச்சில் கேரளத்தின் அன்றைய தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன் ஒரு பதிவு எழுதினார். அவருக்கு முன் அதே பதவியில் இருந்தவர் அவருடைய கணவர் வேணு. கணவரின் பணிக்காலம் வெள்ளை, மனைவியின் பணிக்காலம் கறுப்பு என்று ஒருவர் நிறத்தை வைத்து ஒப்பிட்டதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். நான்கு வயதில், தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத்தர முடியுமா என்று தாயிடம் கேட்டதையும் அதில் எழுதியிருந்தார். ஒரு மாநில நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவருக்கே இந்த அனுபவம் என்றால், மேலூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து முதல் வேலைக்குப் போகிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முகத்தைப் பார்த்துக் குணத்தையும் திறமையையும் முடிவு செய்யும் இந்தப் பழக்கத்தை உளவியல் நூறாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. 1920-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக், ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். உடற்கட்டுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே அறிவுக்கும் தலைமைப் பண்புக்கும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். இதற்கு 'ஒளிவட்ட விளைவு' என்று பெயர். சாமி படத்தில் தலையைச் சுற்றி வரைகிற ஒளிவட்டம்போல, தோற்றம் மற்ற எல்லாவற்றின் மீதும் வெளிச்சம் அடித்துவிடுகிறது. 1972-ல் டயன், பெர்ஷைடு, வால்ஸ்டர் என்ற மூவர் மாணவர்களிடம் சில புகைப்படங்களைக் காட்டினார்கள். அழகாகத் தெரிந்தவர்களுக்கு நல்ல குணமும் நல்ல வாழ்க்கையும் இருக்கும் என்று மாணவர்கள் சொன்னார்கள். கையில் இருந்தது வெறும் படம்தான்.

அழகாகத் தெரிவது எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்பவர், அடிக்கடி கண்ணில் படுவதை மனம் விரும்பத் தொடங்குகிறது என்று சோதனைகளில் காட்டினார். இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். பெரியார் நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுகிற நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களில் யார் முகம் இருக்கிறது? சினிமாவில் மதுரைப் பெண்ணாக நடிக்க எந்த நிறத்தில் ஆள் தேடுகிறார்கள்? பிறந்தது முதல் ஒரே நிறத்தை உயரத்தில் வைத்துக் காட்டினால், கண் அதைத்தான் அழகு என்று பழகும். கண் பழகியதை ரசனை என்கிறோம்.

இந்தப் பழக்கத்தின்மேல் சாதி ஏறி உட்கார்ந்துகொள்கிறது. உண்மையில் சாதிக்கு நிறம் கிடையாது. பஞ்சாப் பிராமணருக்கும் சென்னைப் பிராமணருக்கும் என்ன இன ஒற்றுமை, பஞ்சாப் பிராமணருக்கும் பஞ்சாப் சமாருக்கும் என்ன இன வேற்றுமை என்று 1936-லேயே 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அம்பேத்கர் கேட்டுவிட்டார். எல்லாச் சாதியிலும் கறுப்பும் உண்டு, சிவப்பும் உண்டு. தோலின் நிறம் மெலனின் என்னும் நிறமியின் அளவு. வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடம்பைக் காக்கிற கவசம் அது. வெயிலில் நிற்க நிற்க அது கூடும். வைகைப் பாசன வயலில் நாற்று நடுகிறவர் யார், செங்கல் காளவாசலில் கல் அறுக்கிறவர் யார், நிழலில் நின்று கணக்கு எழுதுகிறவர் யார் என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சாதிதான் பிரித்துக் கொடுத்தது. வெயிலில் நிறுத்தியவர்களே பிறகு வெயிலின் நிறத்தை அழகில்லை என்றார்கள்.

கறுப்பை இழிவாகப் பார்ப்பது தமிழ் மரபு என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. தமிழ் படிக்கிற மாணவர்களுக்குத் தெரியும், சங்க இலக்கியத்தில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிர் போன்ற நிறம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். பிரிவுத் துயரால் அந்த நிறம் வெளிறிப்போனால் அதற்குப் பெயர் பசலை. திருக்குறளில் 119-ஆம் அதிகாரமே அந்தத் துன்பத்தைப் பற்றியது. அன்றைக்கு வெளிறிப்போவது நோய். இன்றைக்கு அதையே காசு கொடுத்து வாங்குகிறோம்.

நம் சாமிகளையும் பாருங்கள். சித்திரையில் வைகைக்கு வருகிறவர் அழகர். கரிய நிறத்து மாயோனுக்கு அழகன் என்றே பெயர் வைத்த ஊர் இது. அழகர்கோவில் வாசலைக் காப்பவர் பதினெட்டாம்படிக் கருப்பன். ஆனால் கறுப்புச் சாமியைக் கும்பிட்டவர்கள் உழைத்துக் கறுத்த மனிதரை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்த பிறகுதான் மீனாட்சியம்மன் கோயில் நமக்குத் திறந்தது. ஆகவே பழம்பெருமை மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பெண் பார்த்துவிட்டு வந்து, "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொல்வது நாமும்தானே? அந்த 'இருந்தாலும்' எங்கிருந்து வந்தது? குங்குமப்பூ தின்னச் சொல்லிக் கர்ப்பிணியை நச்சரிப்பது நாம்தானே? 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் கொடுத்தார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள். தங்கள் நிறத்துப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இந்த ஆய்வுக்கும் இடம் இருந்தது. பிறர் நம்மைப் பார்க்கும் கண்ணாலேயே நம்மை நாம் பார்க்கப் பழகுவதுதான் ஒடுக்குமுறையின் ஆழமான காயம்.

இந்தக் காயத்தில் வியாபாரமும் நடக்கிறது. 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. வெளுக்க வேண்டும் என்ற ஆசை மாறவில்லை. பெட்டிக்கடை வரை விற்கிற பெயர் தெரியாத கிரீம்கள் இன்னும் ஆபத்தானவை. சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய பாதிப்போடு வந்தவர்களை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஸ்டீராய்டு களிம்புகள் தோலை மெலிய வைக்கும். அவற்றில் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு ஆணையிட்டது. வீட்டில் அப்படி ஒரு டியூப் இருந்தால், பிள்ளை அதை எங்கே வாங்கியது என்று முதலில் கேளுங்கள்.

ஆசிரியர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். ஆண்டு விழாவில் வரவேற்கப் பன்னீர்ச் செம்போடு நிறுத்துவதற்கும், நாடகத்தில் இளவரசியாவதற்கும் எந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறீர்கள், அரக்கன் வேஷத்துக்கு யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவர்கள், ஆள் உள்ளே வருமுன் கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண் ஏமாற்றும் என்று தெரிந்த பிறகும் கண்ணை மட்டும் நம்புவது நியாயமில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. யாராவது "பார்த்தா தெரியலையே" என்றால் வெட்கப்படவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். "தெரியணும்னா எப்படிங்க இருக்கணும்?" என்று பொறுமையாகத் திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர்.