மலைப்பிரசங்கமும் மட்டக்களப்பு வாவியும்

மட்டக்களப்பு வாவியின் கரைகளிற் கிறிஸ்தவம் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக நிலைகொண்டுள்ளது. 1628இற் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கு வந்து சேர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையினர் வந்தனர். 1814இல் மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1873இல் அர்ச். மிக்கேல் கல்லூரியும் தோன்றின. இவ்வாண்டுகளை எண்ணிப் பெருமை கொள்வது விழா மேடைகளின் வழக்கமாகிவிட்டது. ஆயின், மேடைகளில் எழாத வினாவொன்றுண்டு. இந்நான்கு நூற்றாண்டுகளில் இயேசுவைப் பற்றிய போதனை பரவிய அளவுக்கு இயேசு போதித்த போதனை வாழப்பட்டதா என்பதே அவ்வினா.

இவ்விரண்டும் ஒன்றெனப் பலர் கருதுவர். அது தவறு என்பதைச் சுவிசேஷங்களே காட்டும். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் அதிகாரங்களில் அமைந்துள்ள மலைப்பிரசங்கம் வீடு கட்டிய இருவரைப் பற்றிய உவமையோடு முடிவடைகின்றது. ஒருவன் பாறைமீது கட்டினான். மற்றவன் மணல்மீது கட்டினான். இருவரும் போதனையைக் கேட்டவரே என்பது இங்கு நோக்கற்பாலது. கேட்டதைச் செய்தவன் ஒருவன். கேட்டும் செய்யாதவன் மற்றவன். அதே சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் இறுதித் தீர்ப்பைச் சித்திரிக்கின்றது. அங்கு கேட்கப்படுவன பசித்தவன், அந்நியன், நோயாளி, சிறைப்பட்டவன் ஆகியோருக்குச் செய்தவையும் செய்யாதவையும் பற்றிய வினாக்களே. எச்சபையில் ஞானஸ்நானம் பெற்றாய் என்றோ, எக்கோட்பாட்டை ஏற்றாய் என்றோ அங்கு எவரும் வினவவில்லை.

இதற்கு மாறாக, 325இல் நைசியாவிற் கூடிய சங்கத்தின் வழிவந்த விசுவாசப் பிரமாணத்தை நோக்கின், அது இயேசு மனிதனாய் அவதரித்ததைக் கூறிய உடனேயே அவருடைய பாடுகளுக்குச் சென்றுவிடுகின்றது. இடைப்பட்ட வாழ்வும், மலைமீதும் கடற்கரையிலும் அவர் பேசிய சொற்களும் அதில் இடம்பெறவில்லை. பிரமாணத்தை ஆக்கியோர் அச்சொற்களை மறுத்தவரல்லர். அக்காலத்துப் பிணக்குகளைத் தீர்ப்பதே அவர்தம் நோக்கமாயிருந்தது. ஆயினும், ஞாயிறுதோறும் பிரமாணத்தைச் சொல்லி முடித்தவர் தம் கடமை முடிந்ததென எண்ணும் மனப்பான்மைக்கு அது வசதியாய் அமைந்துவிட்டது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். மீட்பு இறைவனின் கொடை. மனிதன் தன் நற்செயல்களால் அதனை ஈட்ட முடியாது. ஆதலின் செயலை வலியுறுத்துவது விசுவாசத்தைக் குறைப்பதாகும் என்பர். பவுலும், அவர் வழியில் மாட்டின் லூதரும் உரைத்த உண்மை இதிலுண்டு. அதை எள்ளுவது அறிவுடைமையன்று. ஆனால், கொடையைப் பெற்றவன் மாறாதிருந்தால் அவன் பெற்றது யாது? புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் நிருபம் இவ்வினாவையே எழுப்புகின்றது. லூதரின் மரபில் வந்த ஜேர்மன் இறையியலாளர் டீற்றிச் பொன்ஹொஃபர், விலையின்றி விற்கப்படும் கிருபையே திருச்சபையின் கொடிய பகை என 1937இல் எழுதினார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து, 1945 ஏப்ரிலில் தூக்கிலிடப்பட்டார். கிருபையா, செயலா என்னும் விவாதத்தை அவர்போல் வாழ்ந்தோர் எழுப்புவதில்லை. செய்யாதிருக்க விரும்புவோரே அதனை மீண்டும் மீண்டும் எழுப்புகின்றனர்.

நல்ல சமாரியனின் உவமையை மட்டக்களப்பில் அறியாத கிறிஸ்தவச் சிறுவன் இல்லை. வழியில் விழுந்து கிடப்பவனுக்கு உதவ வேண்டும் என்பதே அதன் பொருளாகப் பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றது. அவ்வளவே பொருளாயின் உதவியவனைச் சமாரியன் எனக் குறித்திருக்க வேண்டுவதில்லை. யூதரும் சமாரியரும் ஒரே நிலத்தில் அயலவராய் வாழ்ந்து, ஒருவரையொருவர் வெறுத்தவர்கள். கேட்டோர் எவரை வெறுத்தனரோ அவரையே இயேசு உவமையின் நாயகராக்கினார். உவமையின் கூர்மை அங்கேதான் உள்ளது.

மட்டக்களப்பின் கரையோர வீதியிற் செல்பவர் தமிழூரையும் முஸ்லிமூரையும் மாறி மாறிக் கடப்பார். ஆரையம்பதிக்கு அருகே காத்தான்குடி. வந்தாறுமூலைக்குத் தெற்கே ஏறாவூர். வாழைச்சேனையை அடுத்து ஓட்டமாவடி. 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களிற் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் தமிழ் ஆயுதபாணிகளாற் கொல்லப்பட்டனர். அடுத்த வாரத்தில் ஏறாவூரில் முஸ்லிம் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானிற் குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டனர். இந்நாட்கள் யாவும் ஆறு வாரங்களுக்குள் அடங்குவன.

இந்நான்கினையும் ஒரே மூச்சில் சொல்லி அழும் பிரசங்க பீடங்கள் எத்தனை? தன்னினத்தாரின் சாவுக்கு மணியடித்து, அயலினத்தாரின் சாவுக்கு மௌனம் காக்கும் சபை, சமாரியனின் உவமையிற் பாதியை வெட்டியெறிந்த சபையாகும். தமிழ்க் கிறிஸ்தவனுக்கு மட்டக்களப்பில் அவ்வுவமை சொல்லப்படுமாயின், இரங்கி நின்று காயங்கட்டியவன் காத்தான்குடியிலிருந்து வந்த முஸ்லிமாகவே இருத்தல் வேண்டும். அவ்வாறு சொல்லத் துணியாத போதகர் உவமையைச் சொல்லாது விடுவதே மேல்.

இரண்டாவது மறுப்பு நடைமுறையைப் பற்றியது. பகைவரை நேசிக்க வேண்டும் என்பது உயர்ந்த இலட்சியமே. ஆயின், துப்பாக்கி ஆளும் நாட்டில் அது ஆகாத காரியம் என்பர். இதற்கு மட்டக்களப்பு மண்ணே விடை தந்துள்ளது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திற் பிறந்த யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் 1948இல் இலங்கைக்கு வந்தார். அர்ச். மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். கிழக்கிலங்கைத் தொழில்நுட்ப நிலையத்தில் இளைஞருக்குக் கைத்தொழில் கற்பித்தார். ஏறாவூரிற் குருதி காயாத நாட்களில், வாழைச்சேனையில் அகப்பட்டிருந்தோருக்கு உதவச் சென்ற அவர், 1990 ஓகஸ்ட் 15ஆந் திகதி ஒரு தமிழ் இளைஞரோடு தம் ஸ்கூட்டரில் மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் சென்ற வீதியில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போயினர் என்று உவமை கூறும். வாழைச்சேனையிலிருந்து ஏறாவூர் வழியாக வரும் வீதியில் ஓர் ஆசாரியன் விலகிப் போகவில்லை என்பது வரலாறு கூறுவது.

அவரோடு அதே 1948இல் வந்த ஹரி மில்லர் அடிகளார் சமாதானக் குழுவில் இருந்து, காணாமற்போனோரின் பெயர்களைக் கேட்டெழுதி, அதிகாரிகளின் கதவுகளைத் தட்டினார். தாய்மார் சொன்ன பெயரையும் ஊரையும் திகதியையும் தாளில் எழுதுவது அற்புதச் செயலன்று. சிறைப்பட்டவனை விசாரிக்க வேண்டும் என்னும் போதனைக்கு மட்டக்களப்பு அக்காலத்திற் கண்ட எளிய உருவம் அது. செய்தவர் உளர், ஆதலின் ஆகாத காரியம் என்னும் வாதம் நில்லாது.

மூன்றாவது மறுப்பு, திருச்சபை அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது. கட்சிக்கு வாக்குச் சேகரிப்பதே அரசியலாயின் இம்மறுப்பு நியாயமானதே. ஆனால், மட்டக்களப்புப் பிரசைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் எக்கட்சிக்கும் வாக்குக் கேட்டவரல்லர். கைதானவரையும் காணாமற்போனவரையும் பற்றி எல்லாத் தரப்பாரிடமும் வினவினார். அதற்காகவே 1988 யூன் 6ஆந் திகதி புனித மரியாள் ஆலய வளாகத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1987 நவம்பரிற் புத்தளவிற் பௌத்தக் கிராமத்தாரிடையே வாழ்ந்த மைக்கல் றொட்ரிகோ அடிகளாரும், 1980 மார்ச்சில் எல்சல்வடோரில் ஒஸ்கார் றொமேரோ ஆயரும் பூசை நேரத்திலேயே சுடப்பட்டனர். இவர்கள் அரசியல் செய்தனர் என்போர், உரோம ஆளுநனின் ஆணையாற் சிலுவையில் அறையப்பட்ட இயேசு எக்குற்றத்துக்காக இறந்தார் என்பதையும் விளக்க வேண்டும்.

2019 ஏப்ரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் வெடித்த தற்கொலைக் குண்டு ஏறத்தாழ 30 பேரின் உயிரைக் குடித்தது. அவர்களுட் பலர் ஞாயிறு பாடசாலைச் சிறார். மன்னிப்பு என்னும் சொல் அந்நாட்களில் எங்கும் ஒலித்தது. அடுத்த மாதமே தீவின் பல பாகங்களில் முஸ்லிம் கடைகளுக்கு எதிரான புறக்கணிப்பும், வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையும் மூண்டன. மன்னித்தோம் என்று ஆலயத்திற் சொல்லிவிட்டு, முஸ்லிமிடம் மீன் வாங்காதே எனத் தெருவிற் சொல்பவர் மன்னிப்பு என்னும் சொல்லை இழிவுபடுத்துபவராவர். சிலர் செய்த கொலையை ஒரு சமூகத்தின் தலையிற் சுமத்த மறுப்பதே பகைவரை நேசித்தலின் முதற்படி. அது நீதியை விட்டுக்கொடுப்பதுமன்று. தாக்குதலைத் தடுக்கத் தவறிய முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிக்காகப் பசித்திருப்போரைப் பேறுபெற்றோர் என்று சொன்னவரும், பகைவருக்காக மன்றாடச் சொன்னவரும் ஒருவரே. இரண்டும் சொல்லப்பட்டது ஒரே மலையில்.

வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பேராலயங்களும் பெருங்கல்லூரிகளும் எழுவான்கரையை அண்டியே எழுந்தன. நெல்லும் பாலும் தந்த படுவான்கரை, போர்க்காலம் முழுவதும் தோணியையும் பாதையையும் நம்பிக் கிடந்தது. மண்முனைப் பாலம் 2014இலேயே திறக்கப்பட்டது. போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் அக்கரையைத் தேடி விரைந்து சென்றன; கிழமைக்குக் கிழமை தவணைப் பணம் கேட்டு வாசலில் நிற்பவருக்கு அஞ்சிப் பெண்கள் ஒளியும் நிலை உருவாயிற்று. புரட்டஸ்தாந்தரின் தமிழ் வேதாகமத்தில், இயேசு கற்பித்த ஜெபத்தில் வரும் சொல் கடன் என்பதேயாகும். அச்ஜெபத்தை நாள்தோறும் சொல்லும் சபைகள், வட்டியில்லாக் கடனுதவிச் சங்கம் ஒன்றையேனும் படுவான்கரையில் நிறுவுதல் அதன் நேர்ப்பொருளாகாதா?

சிலர் அக்கரைக்குச் செல்கின்றனர். ஆட்களைச் சேர்ப்பதற்காகவே செல்கின்றனர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் நாவலடியையும் கல்லடியையும் விழுங்கிய பின், உதவியோடு மதமாற்றமும் வந்தது என்னும் குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. மனச்சாட்சியைச் சட்டத்தாற் பூட்ட முயல்வது பிழை. அதனினும் பெரிய பிழை பசித்தவன் முன் சோற்றைத் தூண்டிலிற் கோத்து நீட்டுவது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தபோது இயேசு எவரிடமும் பெயர்ப்பதிவு கேட்கவில்லை.

எண்ணிக்கையே அளவுகோலாயின் காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்தர் கிறிஸ்தவப் பாடசாலைகளின் தோல்வி எனல் வேண்டும். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற அவர் கிறிஸ்தவராகவில்லை. இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானார். சைவப் பிள்ளைகளுக்கெனக் கல்லடி உப்போடையில் 1929இற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆனால், அறியாமையில் இருந்தோருக்குக் கைம்மாறு கருதாது கல்வி ஈந்ததே போதனையின் பயனெனக் கொள்ளின், அப்பாடசாலைகளின் வரலாற்றில் அதனினும் பெருவெற்றி வேறில்லை. ஏறத்தாழ எட்டு மாதம் மட்டக்களப்பில் உழைத்து 1815 ஏப்ரிலில் இறந்த வில்லியம் ஓல்ட் விட்டுச் சென்றவையும் பாடசாலைகளே.

இவ்வினாக்களைப் போதகர்களிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. பல்கலைக்கழகத்துக் கிறிஸ்தவ மாணவரும் விரிவுரையாளரும் ஒளிவிழாவுக்கும் கீதவழிபாட்டுக்கும் செலவிடும் நேரத்தின் ஒரு பகுதியையேனும் காணாமற்போனோரின் பதிவுகளைத் தொகுப்பதிலும், முஸ்லிம் மாணவரோடு 1990ஆம் ஆண்டை ஒருங்கிருந்து பேசுவதிலும், படுவான்கரைப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்வதிலும் செலவிடலாம். கிறிஸ்தவரல்லாதோரும் இவற்றைச் செய்வர், செய்கின்றனர். கர்த்தரே, கர்த்தரே என அழைப்போர் எல்லாரும் தம்மவர் ஆகார் என எச்சரித்தவர், அதைக் குறித்து வருந்தமாட்டார்.

மட்டக்களப்பு மணற்பாங்கான நாடு. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி ஆலயக் கூரைகளையும் அள்ளிச் சென்றது. 2004இற் கடல் வந்தது. 2019இற் குண்டு வெடித்தது. ஒவ்வொரு முறையும் சுவர்கள் திரும்ப எழுந்தன. மழையும் வெள்ளமும் காற்றும் இரு வீடுகள்மீதும் ஒன்றுபோலவே மோதின என்று மலைப்பிரசங்கம் கூறுகின்றது. எவ்வீடு நிற்கும் என்பதற்கு அது தரும் விடையும் ஒன்றே: கேட்டதைச் செய்தவன் கட்டிய வீடு.