விடுபட்ட ஒரு சொல்

நல்ல கூலி கிடைக்கும் என்ற சொல்லை நம்பி, சிறு தொகையை முன்பணமாகப் பெற்று, தொலைதூரச் செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு செல்கிறார் ஒரு தொழிலாளி. அங்கே கூலி குறைகிறது, கடன் வளர்கிறது, ஊர் திரும்பும் உரிமை மறுக்கப்படுகிறது. கடனே காலுக்கு விலங்காகிறது. இதனை மனிதக் கடத்தல் எனச் சட்டம் அழைக்குமா? பன்னாட்டு நெறி தயக்கமின்றி அழைக்கும். இந்தியக் குற்றவியல் சட்டமோ தயங்குகிறது.

ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2000ஆம் ஆண்டில் ஏற்ற பலெர்மோ நெறிமுறை, மனிதக் கடத்தலை மூன்று கூறுகளால் வரையறுக்கிறது. ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லுதல் முதலியன செயல், வஞ்சகம், வற்புறுத்தல் முதலியன வழி, சுரண்டல் நோக்கம். பாலியல் சுரண்டல், அடிமைமுறை, உடலுறுப்பு அகற்றல் ஆகியவற்றோடு கட்டாய உழைப்பும் அச்சுரண்டல் பட்டியலில் வெளிப்படையாக இடம்பெறுகிறது. இந்தியா 2011இல் இந்நெறிமுறைக்கு ஏற்புறுதி அளித்தது. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு அதனையொட்டித் திருத்தப்பட்டது. எனினும், கட்டாய உழைப்பு என்னும் சொல் அவ்வரையறையில் இடம்பெறவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தன் 143ஆம் பிரிவில் பிச்சையெடுக்கச் செய்தலைச் சேர்த்துக்கொண்டது. விடுபட்ட சொல்லைச் சேர்க்கவில்லை.

ஒரு சொல்லால் என்ன நேரும் என்று கேட்கலாம். மனிதக் கடத்தலுக்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை. சட்டத்திற்குப் புறம்பாகக் கட்டாய வேலை வாங்குவோர்க்கோ, அதே சன்ஹிதாவின் 146ஆம் பிரிவின்படி ஓராண்டுக்கு மிகாத சிறை, அல்லது வெறும் அபராதம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டத்திலும் மூன்றாண்டுச் சிறையே உச்சவரம்பு. முதல் தகவல் அறிக்கையில் எப்பிரிவு எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே குற்றத்தின் எடை மாறுகிறது.

சட்டத்திலுள்ள ‘உடல்சார்ந்த சுரண்டல்’ என்னும் பொதுத்தொடர் கட்டாய உழைப்பையும் உள்ளடக்கும் என்பர் சிலர். அவ்வாறு பொருள்கொள்ள இடமுண்டு. ஆயினும், ஏழையின் விடுதலை வழக்குரைஞரின் வாதத்திறனை நம்பிக் காத்திருத்தல் தகாது. தண்டனைச் சட்டத்திற்குத் தெளிவே முதல் இலக்கணம்.

பன்னாட்டு நெறிக்கு இசைதல் அயலார்க்குப் பணிதல் ஆகாது. பலெர்மோவுக்கு அரை நூற்றாண்டு முன்பே, இந்திய அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் ஒருசேரத் தடைசெய்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என உச்சநீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பு அன்றே உரைத்த சொல்லை நாடாளுமன்றம் 143ஆம் பிரிவிலும் எழுதிவிடுதல் வேண்டும். அப்போது, சூளையின் புகைக்குள் நிற்கும் அத்தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட தீங்கிற்குச் சட்டத்தில் உரிய பெயர் கிடைக்கும். உரிய தண்டனையும் கிடைக்கும்.