இறக்கை ஏன் முறிகிறது?

வீடுகள் நெருங்கி நிற்கும் லோபாக் போன்ற குடியிருப்பில் ரேடியோ கண்ட்ரோல் விமானம் விட வெட்டவெளிக்கு எங்கே போவது? திடல் கிடைத்தாலும் பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் முதலில் ரியல்ஃபிளைட் போன்ற சிமுலேட்டரில் கை பழகுவது நல்ல வழிதான். ஆனால் அங்கே விமானம் உடைந்துகொண்டே இருந்தால், மாடலைத் திருத்தும் பகுதிக்குப் போய் வலிமையை உச்சத்துக்கு ஏற்றிவிடும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்வது நல்லது.

வலிமையைக் கூட்டினால் விமானம் சிறப்பாகப் பறந்துவிடாது. ஒரு பாகம் எவ்வளவு விசைவரை முறியாமல் தாங்கும் என்ற வரம்பு மட்டுமே உயரும்.

2 கிலோ மாடல் ஒன்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கீழே பாய்கிறது. எலிவேட்டர் ஸ்டிக்கை வெடுக்கென இழுத்து, 10 மீட்டர் ஆர வட்டத்தில் அதை மேலே திருப்புகிறோம். வட்டத்தின் அடியில் இறக்கைகள் தாங்குவது எடையைப்போல் ஏழு மடங்குக்கும் மேல், அதாவது ஏறக்குறைய 15 கிலோ. அதே வட்டத்தை 54 கிலோமீட்டர் வேகத்தில் போட்டால் ஆறரை கிலோதான். பாரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் இந்த வித்தியாசம். திரையில் இறக்கை மேல்நோக்கி மடங்கி, உடற்பகுதி மட்டும் தரையில் குத்தினால், மென்பொருளில் கோளாறு தேட வேண்டாம், விரல் அவசரப்பட்டிருக்கிறது. ஆள் ஏறும் சாகச விமானங்களுக்கே வழக்கமான சான்றிதழ் வரம்பு 6 மடங்குதான்.

நிஜத்தில் வலிமைக்கு விலை உண்டு. பால்சா இறக்கைக்குள் கார்பன் கம்பி வைத்தால் எடை ஏறும். மொத்த எடை 20 விழுக்காடு கூடினால், விமானம் தொய்ந்து விழாமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமும் சுமார் 10 விழுக்காடு உயரும்; தரையிறக்கம் அவ்வளவு கடினமாகும். திரையில் வலிமையை மட்டும் ஏற்றும்போது எடை அசையாது. அப்படியொரு விமானத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரு சலுகை தரலாம். தரையிறங்கும்போது சக்கரக்கால் உடைந்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது சலிப்பைத் தரும். பாகம் பாகமாகத் திருத்த வழியிருந்தால் காலை மட்டும் பலப்படுத்துங்கள், இறக்கையைத் தொடாதீர்கள். தரையிறக்கம் கைவந்ததும் காலையும் பழைய அளவுக்கே இறக்கிவிடுங்கள். சொந்த மாடலைத் திரையில் அமைக்கிறவர்கள் முதலில் அதை பேட்டரியோடு தராசில் வைத்து எடையைச் சரியாகக் கொடுக்கட்டும். வலிமையைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.