கேம் சத்தம் தறி வரை கேட்க வேண்டுமா?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் பிராசஸர் என்ன, ராம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். "எவ்வளவு சத்தம் போடும்?" என்று மட்டும் கேட்பதில்லை. வீட்டிலேயே தொழில் நடக்கும் ஊர்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

ஆரணி பட்டு நெய்யும் தேவிகாபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தறி இருப்பது வீட்டுக்குள். பிள்ளைகளின் கம்ப்யூட்டரும் அதே வீட்டில்தான். "தறியே சத்தம்தானே, கேம் சத்தம் என்ன செய்துவிடும்?" என்று சிலர் கேட்கலாம். தறியின் ஓசை வேலையின் ஓசை. அதன் தாளம் மாறினால் ஏதோ கோளாறு என்று நெய்பவரின் காது சொல்லிவிடும். அந்தக் காதை சப்-ஊஃபரின் 'டம் டம்' மறைப்பது நியாயமில்லை.

விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த 'பின்பால்' கேம் பலருக்கும் நினைவிருக்கும். நிஜமான பின்பால் மெஷினில் மின்காந்தச் சுருள்கள் 'படார் படார்' என்று அடிக்கும். அந்த அதிர்வு மெஷினின் கால்கள் வழியே தரைக்கு இறங்கும். அதனால்தான் கால்களுக்கு அடியில் ரப்பர் வைக்கிறார்கள். நம் சப்-ஊஃபருக்கும் இதே வைத்தியம்தான். அடியில் கனமான ரப்பர் ஷீட் வையுங்கள். அறை மூலையில் வைக்காதீர்கள். மூலையில் 'பேஸ்' சத்தம் கூடும்.

அடுத்தது கேபினட்டின் 'உர்ர்' சத்தம். நூல் பிசிறும் தூசியும் ஹீட்சிங்க்கில் படிந்தால் காற்று போகாது, சூடு ஏறும், ஃபேன் வேகமாகச் சுற்றும். எனவே மாதம் ஒருமுறை மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள். தூசி வராமலிருக்க ஓடும் கம்ப்யூட்டரைத் துணியால் மூடுகிறார்களே, அது தவறு. சூடும் சத்தமும் இன்னும் கூடும். புதிதாக வாங்குபவர்கள் 80 மி.மீ. ஃபேனுக்குப் பதில் 120 மி.மீ. ஃபேன் கேளுங்கள். மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் அந்தச் சத்தமும் இல்லை.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பது வெறும் நம்பிக்கை. அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையலாம். பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தம் குறையாது. அந்தப் பணத்தில் ஒரு ஹெட்போன் வாங்கலாம். ஆனால் அதிலும் அளவு வேண்டும். பிள்ளைகளுக்கு 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

சட்டமும் இதில் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பதே அளவு.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து வால்யூமைக் குறைக்க வேண்டியதில்லை. அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய பணம் தறியிலிருந்து வந்தது. பகலெல்லாம் மிதியை மிதித்த கால்களுக்கு இரவில் நிம்மதியான தூக்கம் வேண்டும். பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். கேமை நிறுத்தச் சொல்லவில்லை. சத்தத்தைக் குறைக்கத்தான் சொல்கிறோம்.