யாரு, நம்ம ஆளா?

வேட்பாளர் பேர் வெளியானதும் டீக்கடையில் விழுற முதல் கேள்வி இதுதான். உழவர்கரைக்காரங்களான உங்களுக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இது உண்டு. ஆனா அங்கே வேட்பாளர் யார் என்பதையே கட்சிக்காரங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்க, அதனால சண்டை ஊரறிய நடக்குது. 2008-ல் ஒபாமா தெற்கு கரோலினாவில் ஜெயிச்ச அன்னிக்கு, 'ஜெஸ்ஸி ஜாக்சனும் 1984, 1988-ல் இங்கே ஜெயிச்சவர்தான்' என்ற பொருளில் பேசினார் பில் கிளின்டன். 'கறுப்பர் ஓட்டு, வேறென்ன' என்பதுபோல் பலர் காதில் விழுந்தது. கடுமையா திட்டு வாங்கினார். 2019 விவாத மேடையில், பள்ளிப் பேருந்து விஷயத்தை எடுத்து பைடனை நேருக்கு நேர் மடக்கினார் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ். (பாருங்க, நாமளும் 'நம்ம ஆளு' கணக்கில் சேர்த்துட்டோம்!) அடுத்த வருஷம் அதே பைடன் அவரையே துணை அதிபர் வேட்பாளராக்கினார்.

நம்ம ஊர்ல? 2023 அக்டோபரில் அமைச்சர் சந்திர பிரியங்கா ராஜினாமா கடிதம் கொடுத்தார். நெடுங்காடு தனித்தொகுதி எம்.எல்.ஏ., 40 வருஷத்துக்குப் பிறகு புதுச்சேரிக்குக் கிடைச்ச பெண் அமைச்சர். சாதி, பாலினப் பாகுபாடுதான் காரணம்னு எழுதினார். அவர் பணியில் திருப்தி இல்லை, நீக்கச் சொல்லி முன்னாடியே முதல்வர் கேட்டுட்டார்னு மறுபக்கம் சொன்னாங்க. எது சரின்னு நாம எடைபோட வழியே இல்லை. எல்லாப் பேச்சும் மூடின கதவுக்குப் பின்னால நடந்தது.

30 தொகுதியில் 5 தனி. மிச்ச 25-ல் சீட் யாருக்கு, எதுக்குன்னு எந்தக் கட்சியும் வாய் திறக்கிறதில்லை. அடுத்த தடவை கைகூப்பிட்டு வர்றவர்கிட்ட அதைக் கேளுங்க. அவர் நம்ம ஆளா இருந்தாலும்.