அதிர்ச்சி தாங்கியும் அச்சுத் தாங்கியும்

தன் கையே தனக்குதவி என்பது நம் முன்னோர் மொழி. மேலை நாடுகளில் மோட்டார் வீடு வைத்திருப்போர் இம்மொழியைக் கேட்டிராவிடினும், செயலிலே அதனை நன்கு கைக்கொண்டிருக்கின்றனர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அமைந்த வண்டியில் ஊர் ஊராகச் செல்லும் அவர்கள், அதன் பழுதுகளைத் தாமே நீக்கிக்கொள்வதைப் பெருமையாகக் கருதுவர். கராஜ்களில் ‘ஷொக் அப்சோபர்’ என வழங்கும் அதிர்ச்சி தாங்கியை வீட்டு முற்றத்திலேயே மாற்றுவதும் அவ்வேலைகளுள் ஒன்று. அது எங்கே தகும், எங்கே தகாது என்பதையே இவ்வாரம் நேயர்களுடன் ஆராய விரும்புகிறோம்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அதிர்ச்சியை உண்மையில் ஏற்பது வில்லேயாகும். பள்ளத்தில் விழுந்த சில்லின் அடியை வில் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய பின் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டேயிருக்க முற்படுகிறது. அவ்வாட்டத்தை அடக்குவதே அதிர்ச்சி தாங்கியின் தொழில். அதனுள்ளிருக்கும் எண்ணெய், பிஸ்டனின் சிறு துளைகளினூடே நெருக்கிச் செல்லும்போது, ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

ஐரோப்பாவில் மோட்டார் வீடுகள் பல, 1981 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த பியட் டுக்காட்டோ வானின் அடிச்சட்டத்தின் மீது கட்டப்படுகின்றன. சரக்கு வான் ஒரு நாள் பாரத்துடனும் மறுநாள் வெறுமையாகவும் ஓடும். மோட்டார் வீடோ தன் பாரத்தை ஒரு பொழுதும் இறக்கி வைப்பதில்லை. 3,500 கிலோகிராம் வரை நிறையுள்ள வண்டியில் இவ்வுறுப்புத் தளர்ந்துவிட்டால், வளைவுகளில் வண்டி சாயும். பிரேக் அழுத்தும்போது முன்புறம் குனியும். ரயர் திட்டுத் திட்டாகத் தேயும். கரடான பாதையிற் சில்லு தரையை விட்டுத் துள்ளுவதால், வண்டி நிற்பதற்கும் கூடுதலான தூரம் வேண்டும். உருளையின் வெளிப்புறத்தில் எண்ணெய் வழிந்திருக்கக் கண்டால், மாற்றும் காலம் வந்துவிட்டதெனக் கொள்க.

டுக்காட்டோவின் சாதாரண அடிச்சட்டத்திற் பின்புறத்தே தகட்டு வில்லும், அதற்குப் புறம்பாக அதிர்ச்சி தாங்கியும் உள்ளன. மேலும் கீழும் போல்ற்றுகளைக் கழற்றினால் தாங்கி கையோடு வந்துவிடும். பழக்கமுள்ளவர் இதனைத் தாமே செய்தல் கூடும். முன்புறமோ வேறு. அங்கே சுருள் வில்லும் தாங்கியும் ஒன்றாய்ப் பிணைந்துள்ளன. இங்கிலாந்தில் 1950 இல் அறிமுகமான போர்ட் கொன்சல் காரிலும் இடம்பெற்ற மக்பெர்சன் அமைப்பு இது. அழுத்தப்பட்ட அச்சுருள் வில் தவறி விடுபட்டால் ஆளைக் கொல்லவும் வல்லது. ஆதலின் முன்புற வேலையைத் தக்க கருவியுள்ள கராஜிடம் விடுவதே அறிவுடைமை.

பின்புற வேலையிலும் ஆபத்து இல்லாமலில்லை. டுக்காட்டோ முன்சில்லுகளால் இழுக்கப்படும் வண்டி. அதன் கைப்பிரேக்கோ பின்சில்லுகளையே பிடிக்கும். பின்சில்லுகள் இரண்டையும் தரையினின்று உயர்த்தினால் கைப்பிரேக் இருந்தும் இல்லாததாகிவிடும். எனவே சமமான வன்தரையில் வண்டியை நிறுத்தி, கியரில் விட்டு, முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். மோட்டார் வீட்டின் மூலைகளில் இறக்கப்படும் கால்கள், தரித்து நிற்கும்போது ஆட்டத்தைக் குறைப்பதற்கே அமைந்தவை. வண்டியை உயர்த்த உதவா. ஜக்கினால் உயர்த்தியதும், பாரத்துக்கேற்ற அச்சுத் தாங்கிகளை உற்பத்தியாளர் குறித்த இடத்தில் வைத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்கிய பின்னரே கீழே புகலாம். ஜக்கை மட்டும் நம்பிப் புகுந்து உயிரிழந்தோர் உண்டு. அச்சுத் தாங்கிக்குக் கொடுக்கும் பணத்தைச் சிலர் வீண் செலவென்பர். மனைவி மக்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

துருவேறிய போல்ற்றுகளுக்கு முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் இடுதல் நன்று. ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுக. எனினும் ஒன்று மட்டும் பழுதாயினும் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. வாயு நிரப்பிய புதிய தாங்கி தானாகவே நீளும் இயல்பினது. அதன் கட்டுப் பட்டியைப் பொருத்தும் தறுவாயிலன்றி வெட்டலாகாது. முடிவான இறுக்கத்தை, சில்லுகள் தரையில் நின்று வண்டி தன் பாரத்தைத் தாங்கியிருக்கும் நிலையிலேயே செய்தல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், முனைகளிலுள்ள றப்பர் முறுகி விரைவிற் கிழிந்துவிடும். இறுக்கத்தின் அளவை உற்பத்தியாளரின் கைந்நூலிற் காண்க. சில நாள் ஓட்டியபின் மீண்டும் ஒரு முறை பரிசோதித்தலும் தகும்.

தன் வேலையைத் தானே செய்வதிற் பணம் மிஞ்சும், மனமும் நிறையும். ஆனால் தன் கை எதுவரை உதவும் என்று அறிந்தவனுக்கே அக்கை உண்மையில் உதவியாகும் என்பது நம் கருத்து. பின்புறத்தை முற்றத்தில் முடித்துவிட்டு, முன்புறத்துக்குக் கராஜை நாடுபவர் கைத்திறன் குறைந்தவரல்லர். தம்மோடு பயணம் செய்வோரின் உயிருக்கும் பொறுப்பேற்றவர்.